நீளமாக எழுதும் மாப்பிள்ளைக்கு

செங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல்லுக்கு ஓய்வில்லை. என் முழங்காலுக்குத்தான் இந்தக் குளிர் ஆகவில்லை.

உன் பேத்தி இதழியல் படிக்க ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் கம்பெனி பி.ஆர்.ஓ.வாக இருந்துவிட்டு என்னிடம் கேட்கிறாயே! நெல்லையில் ஒரே மேஜையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த நீ அந்த வேலைக்குப் போனபோது, ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அப்புறம் நீ அனுப்பிய பிரஸ் நோட்டிலேயே முதல் வரியை மட்டும் மாற்றிப் போட்டு, என் செய்தி என்று பஸ் கண்டக்டரிடம் கவர் கொடுத்தனுப்பியதும் நான்தான். ஊர் நிருபர்களுக்கு, அச்சான நீளத்தை அளந்து பத்திரிகை காசு கொடுத்த காலம். நீயோ நீளமாக எழுதுவாய்.

இப்போது அந்த முதல் வரியைக்கூட யாரும் தொடுவதில்லை. சாயங்காலமானால் பிரஸ் நோட் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வந்து விழுகிறது. போன மாதம் ஒரு திறப்பு விழாக் குறிப்பில் ஊர்ப் பெயரையே தப்பாக அடித்திருந்தார்கள். மறுநாள் டீக்கடையில் மூன்று பேப்பரைப் புரட்டினேன். மூன்றிலும் அதே தப்பு. நிருபர் பையன்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கிடைக்கும் பணம் பெட்ரோலுக்கே காணாது. தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தரவேண்டும். நானே ஒரு மர அறுவை மில்லில் விளம்பரத்துக்காகக் காத்து நின்றுவிட்டு, அந்த மில் ஓடையை அடைத்த விஷயத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

திவானை எதிர்த்து எழுதியதற்காக சுதேசாபிமானி பத்திரிகை ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை 1910இல் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியது. அச்சகத்தைப் பறிமுதல் செய்து, போலீஸ் வைத்து ஆரல்வாய்மொழி எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். என் வாயை அடைக்கக் கால் பக்க விளம்பரம் போதுமானதாக இருந்தது.

ஆனாலும் 2024 டிசம்பரை நினைத்துப் பார். நெல்லைக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர் வட்டாரத்தில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள், செய்தியானது, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. கடைசியில் கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. எல்லை தாண்டி லாரியில் என்ன வருகிறது என்று எந்தத் துறையாவது பிரஸ் நோட் அனுப்புமா, சொல்.

இன்னொன்று. கேரளத்து ஆரியங்காவுப் பக்கம் டீக்கடையில் மலையாளப் பேப்பரை எடுப்பவர்கள் சரமப் பக்கத்தை, அதாவது சாவுச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறார்கள். யார் போய்ச் சேர்ந்தது, அடக்கம் எப்போது என்று சாதாரண ஆளுக்கும் படத்தோடு நாலு வரி, செய்தியாகவே வருகிறது. நம் பக்கத்தில் அதற்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்கவேண்டும். கட்டுப்படியாகாதவன் ஃப்ளெக்ஸ் அடிக்கிறான். அங்கே பேப்பர் இன்னும் வீட்டுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி. தினமலர்கூட 1951இல் திருவனந்தபுரத்தில்தானே தொடங்கியது, அந்தப் பக்கத் தமிழர்களை நம்பி? செங்கோட்டையும் குமரியும் 1956இல் இங்கே சேர்ந்த மறுவருடம்தான் நெல்லைக்கு வந்தது. நம்ம ஊர்ச் சங்கதி இருக்கும் என்றுதான் வாங்கினோம் என்பார் அப்பா.

சரி, பேத்தி படிக்கட்டும். ஆனால் லீவில் ஒரு வாரம் இங்கே அனுப்பு. போனை வாங்கி வைத்துக்கொண்டு சந்தை, சார்பதிவாளர் ஆபீஸ், புளியரை சோதனைச் சாவடி என்று சுற்றவிடுகிறேன். ஒரே ஒரு செய்தி, அவளே மோப்பம் பிடித்து எழுதட்டும். அதை நீ மட்டும் திருத்தாதே. உன் கை பட்டால் அதில் வருகிற எல்லாரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பேத்தியிடம் மறக்காமல் குடை கொடுத்துவிடு.

உன்
செங்கோட்டைக்காரன்