ஏ.எல். சோதனையை நீட் ஆக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

எங்கள் இலங்கையின் க.பொ.த. உயர்தரச் (ஏ.எல்.) சோதனையையும் இந்தியாவின் மருத்துவ நுழைவுச் சோதனையான நீட் போல முழுக்கப் பல்தேர்வு வினாக்களாக்கி, அமெரிக்காவின் பல்கலைக்கழக அனுமதிச் சோதனையான எஸ்.ஏ.ரி. போலப் பெறுபேற்றைச் சில வாரங்களில் தந்துவிடலாமே என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிள்ளைகள் காத்திருந்து சலித்துப்போவதைப் பார்க்கிற எவருக்கும் அப்படித் தோன்றும். ஆனால் அதற்காகச் சோதனையின் தன்மையையே மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எஸ்.ஏ.ரி. வேறு வகைச் சோதனை. ஆங்கில வாசிப்பும் எழுத்தும் கணிதமும் மட்டும், 2 மணி 14 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆண்டில் பல தடவை நடக்கும். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பாடசாலைப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிள்ளையை எடுக்கின்றன. பல்கலைக்கழகம் போக எங்களுக்கோ எல்லாமே ஏ.எல்.தான்.

நீட்டோடு ஒப்பிடலாம். பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலில் 180 வினாக்கள், 720 புள்ளிகள். சரியான விடைக்கு 4, பிழை விட்டால் 1 கழியும். ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை பிளஸ் ரூ (12ஆம் வகுப்பு) புள்ளிகளை வைத்தே மருத்துவப் படிப்புக்கு எடுத்தார்கள். 2017இல் நீட் வந்ததும் அந்தப் புள்ளிகளுக்கு மதிப்பில்லாமல் போய், பிள்ளைகள் பயிற்சி நிலையங்களை நம்பவேண்டியதாயிற்று. இங்கே ரியூசனுக்கு இப்போதே குறைவில்லை. எழுத்து வினாக்களையும் எடுத்துவிட்டால் பாடசாலையில் படிப்பிக்க என்ன மிஞ்சும்?

எங்கள் உயிரியல் சோதனையிலும் 50 பல்தேர்வு வினாக்கள் இருக்கின்றன. அதன்பின் 3 மணி நேர இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் எழுதவேண்டும். அந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: பல்தேர்வில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளையிடம், சிறுநீரகத்தில் சிறுநீர் உண்டாகும் விதத்தை ஒழுங்காக எழுது என்றால் திணறும். எங்கே விளங்கவில்லை என்பது அப்போதுதான் ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். திரும்பத் திரும்ப எழுதித்தான் அது தெளியும். அதுவும் தமிழில் யோசித்துத் தமிழில் எழுதக் கிடைக்கும் வாய்ப்பை நாங்களே கைவிடுவதா?

கையால் திருத்துவதற்குக் காலம் எடுக்கும். 2024 நவம்பரில் தொடங்கிய சோதனை மழை வெள்ளத்தால் இடையில் நின்று, பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில் வந்தது. அதைக்கூடப் பொறுக்கலாம். அப்புறம் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெறுபேற்றோடு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளியான இசட் புள்ளியும் மாவட்ட நிலையும் கையில் கிடைக்கின்றன. பெரும்பாலான கற்கைநெறிகளின் இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற பங்கீடும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் அனுமதி பெறத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளி வர மாதக்கணக்காகிறது. மீள்திருத்தம் முடியவேண்டும் என்பார்கள். சரி, முடியட்டும். அது எந்தத் திகதிக்குள் முடியும், வெட்டுப்புள்ளி எப்போது வரும், பல்கலைக்கழகம் எப்போது தொடங்கும் என்பதைச் சோதனை நேரசூசியோடேயே பரீட்சைத் திணைக்களமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் சேர்ந்து அறிவிக்கலாமே. அந்தத் திகதிகளைக் கேட்டு வாங்கிப் பிரசுரிக்கும்படி உங்கள் பத்திரிகையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.