மீலோஸுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் செப்டம்பரில் கிரேக்க நாட்டு மீலோஸ் தீவுக்குப் போகிறீர்கள், ஒரு நாள் சின்னப் படகு எடுத்து நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தீவுக்கு நான் போயிருக்கிறேன்மா. உன்னிடம் சொன்னதே இல்லை.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம். பென்டோனைட் ஏற்ற எங்கள் கப்பல் அங்கே வூடியா விரிகுடாவில் நின்றது. எண்ணெய்க் கிணறு துளையிடும்போது குழம்பாகக் கரைத்து விடுவார்களே, அந்தக் களிமண். மீலோஸ் எரிமலைத் தீவு. அந்த மண்ணை அங்கே மலையாக வெட்டி எடுக்கிறார்கள். நடுவில் ஒரு நாள் எனக்கு ஓய்வு கிடைத்தது. பக்கத்து ஊரான பொலோனியாவில் ஒரு மீனவர் என்னையும் எங்கள் கப்பல் அதிகாரி தேர்ட் மேட்டையும் தன் படகில் ஏற்றிக்கொண்டார்.

வடக்குக் கரைக்குப் போகலாம் என்று கை காட்டினேன். அவர் தலையை மேலே தூக்கி, நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினார். அங்கே ‘இல்லை’ என்பதற்கு அதுதான் சைகை. அப்புறம் வடக்கே காட்டி ‘மெல்டெமி’ என்றார். நம்ம வாடை மாதிரி வடக்கிலிருந்து வரும் காற்று. ஆனால் அது கோடையில் வரும், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாமலேயே வரும். ஜூலை, ஆகஸ்டில்தான் உக்கிரம். செப்டம்பரில் தணியும் என்றாலும் நம்பிவிடாதே.

அவர் படகைத் தெற்கே திருப்பினார். தீவே சுவராக நின்று காற்றைத் தடுத்துவிட்டது. பாலியோகோரி கடற்கரையில் இறங்கி மணலைக் கொஞ்சம் தோண்டச் சொன்னார். விரல் பொறுக்காத சூடு. எரிமலையின் வெப்பம் இன்னும் அடியில் இருக்கிறது. அடுத்த கடற்கரையான கெராக்காஸுக்கு நிலத்து வழியே கிடையாது. வெளிறிய மணல் மலைச்சரிவிலிருந்து நேராகக் கடலுக்குள் இறங்குகிறது.

தென்மேற்கு முனையில் கிளெஃப்டிகோ. கிரேக்க மொழியில் ‘கிளெஃப்டிஸ்’ என்றால் திருடன். கடற்கொள்ளையர் ஒளிந்திருந்த இடம். வெள்ளைப் பாறைகள், வளைவுகள், குகைகள். நங்கூரம் இறங்கி மணலில் பதிவதை மேலிருந்தே பார்த்தேன். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. பக்கத்தில் எங்கள் படகின் நிழல் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம் கடலில் இருந்தவன், அன்றைக்குத்தான் கடலின் அடியைப் பார்த்தேன். எஞ்சின் ரூமில் இருப்பவனுக்குக் கடல் என்பது சத்தமும் சூடும்தான். அவர் கையாலேயே தக்காளியைப் பிய்த்து, ரொட்டியோடு கொடுத்தார். இதைப் பார்க்க நீ பக்கத்தில் இல்லையே என்று தொண்டை அடைத்தது. ஆனால் லீவில் வீட்டுக்கு வந்தபோது நீ கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாய். கிட்டே வரவே நாலு நாள் ஆனது. அப்புறம் சொல்ல நேரம் வாய்க்கவே இல்லை.

சரி, இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். அங்கே 30 குதிரைத்திறன் வரை உள்ள படகை லைசென்ஸ் இல்லாமலே தருவார்கள். அதனால் அது விளையாட்டு என்று ஆகிவிடாது. எந்தக் கடற்கரை என்பதை ஊரிலிருந்தே முடிவு செய்துகொண்டு போகாதே. அன்று காலை காற்றைப் பார். வடக்குக் காற்று என்றால் தெற்குக் கரை, தெற்குக் காற்று என்றால் வடக்குக் கரை. படகுக்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றால் கெஞ்சாதே. எஞ்சினை நிறுத்தும் கயிறு எப்போதும் மாப்பிள்ளை கையில் கட்டியிருக்கட்டும். அடியில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது கடற்புல். அதில் நங்கூரம் போட்டால் வேரோடு பிய்ந்துவிடும், மறுபடி வளரப் பல காலம் ஆகும். வெளிர் மணலாகப் பார்த்துப் போடு. 4 மீட்டர் ஆழம் என்றால் 20 மீட்டர் கயிறாவது விடு.

எதிரே பொலீகோஸ் என்று ஆளில்லாத தீவு உண்டு. ஆடுகள் நிறைந்தது என்று பெயருக்குப் பொருள். அதன் குகைகளுக்குள் நீந்திப் போகாதே; துறவிச் சீல்கள் என்ற கடல்நாய்கள் குட்டி போடும் இடம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம் இருக்கின்றன.

கரையில் கறுப்புக் கண்ணாடி போன்ற கல் கிடந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடு. அது அப்சிடியன், எரிமலைக் கண்ணாடி. 10,000 வருஷத்துக்கு மேலாகவே அதைத் தேடி மனிதர்கள் படகில் வந்திருக்கிறார்கள்.

கிளெஃப்டிகோவுக்கு அப்பால், மேற்குக் கரையில் சிக்கியா குகை. கூரை இடிந்து விழுந்து, அந்த ஓட்டை வழியாக உள்ளே வெயில் இறங்குமாம். அன்றைக்கு முனையைத் தாண்டியதுமே அலை தூக்கியது. மீனவர் மறுபடி நாக்கைச் சொடுக்கிவிட்டுப் படகைத் திருப்பிவிட்டார். நான் அதைப் பார்க்கவில்லை. காற்று விட்டால் நீ போய்ப் பார். உள்ளே தண்ணீர் என்ன நிறம், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று அன்றைக்கு ராத்திரியே எனக்கு எழுது. போட்டோ மட்டும் அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா