முதலில் கடல், பிறகு கோயில்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்தி தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதையும், உன் முழங்கால் வலி ஒருவாறு குறைந்து வருகிறது என்பதையும் படித்து மகிழ்ந்தோம். இங்கே மகன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். வேறு செய்தி இல்லை. ஆகவே நீ கேட்டிருந்த விடுமுறைத் திட்டத்துக்கு நேராகவே வருகிறேன்.

உனக்குப் பழைய கோயில்களையும் கல்லறைகளையும் பார்க்க வேண்டும். உன் மனைவியான தங்கைக்கோ நான்கு நாள் அடுப்படியை மறந்து கடற்கரையில் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே நாட்டில் அமையுமா என்று கேட்டிருந்தாய். எகிப்தில் அமையும். ஆனால் கெய்ரோ, அலெக்சாந்திரியா, நைல் நதியில் கப்பல் என்று முகவர்கள் எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்துக் கொடுக்கும் திட்டம் நமக்கு வேண்டாம். நான் விசாரித்த ஒரு முகவர் கொடுத்த தாளில் கடலுக்கென்று ஒரே ஒரு மாலைப் பொழுதுதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதைத் தங்கையிடம் காட்டினால் அன்றைக்கே பயணம் ரத்தாகிவிடும்.

என் யோசனை இது. கெய்ரோவில் இறங்கியதும் உள்நாட்டு விமானத்தில் செங்கடல் கரையில் உள்ள ஹுர்காடாவுக்குப் போய், அங்கிருந்து காரில் தெற்கே குசைர் என்ற சிறு துறைமுக நகரத்துக்குச் சென்று தங்கிவிடுவோம். ஹுர்காடாவிலேயே தங்கலாமே என்பாய். அங்கே கடலைவிட ஓட்டல்கள்தாம் அதிகம் கண்ணில் படும். குசைரில் 16ஆம் நூற்றாண்டில் உதுமானியத் துருக்கியர் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. 1799இல் நெப்போலியனின் படையினர் அதைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு காலைப் பொழுதில் பார்த்து முடித்துவிடலாம்.

நான் குசைரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் வேறு. நகரத்துக்கு வடக்கே எட்டு கிலோமீட்டரில் பழைய குசைர் என்ற மேடு ஒன்று உள்ளது. ரோமானியர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்று பெயர் பெற்றிருந்த துறைமுகம் அதுதான் என்று அகழாய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதியிருக்கிறார். அந்த மேட்டில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டுள்ளன. இன்னொரு சேமிப்புச் சாடியின் உடைந்த துண்டில் இரண்டு இடங்களில் இருந்த எழுத்துகளைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் "பானை ஒறி" என்று படித்தார். உறியில் தொங்கிய பானையாக இருக்க வேண்டும். தெற்கே வெகு தொலைவில் உள்ள பெரெனிகே துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. பெரெனிகேயை நம் பட்டியலில் சேர்க்கவில்லை. உன் முழங்கால் அந்தத் தொலைவைத் தாங்காது. பழைய குசைரிலும் நிமிர்ந்து நிற்கும் தூண் ஒன்றுகூடக் கிடையாது, புழுதி மேடுதான். இருந்தாலும் அங்கே ஒரு மணி நேரமாவது நிற்காமல் நான் வரமாட்டேன்.

கடற்கரையைப் பற்றித் தங்கையிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடு. நம் மெரினாவைப் போல மணலில் இறங்கி அலையில் கால் நனைக்கும் கரை அன்று அது. பல இடங்களில் பவளப்பாறை கரையை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. பாறையின் விளிம்பு வரை மரப்பாலம் போட்டிருப்பார்கள். அதன் கோடிக்குப் போய்க் கண்ணாடிக் கவசத்துடன் முகத்தை நீரில் வைத்தாலே கிளிமீன்களும் வண்ணத்துப்பூச்சி மீன்களும் கண்ணெதிரே திரியும். நீந்தத் தெரியாவிட்டால் மிதவைச் சட்டை போதும். ஆனால் பவளத்தை மிதிக்கவோ தொடவோ கூடாது. அது கிழித்தால் காயம் ஆற நாளாகும், அதன் உயிருக்கும் கேடு.

கடலை முன்னால் வைத்ததற்கும் இந்த மீன்களே காரணம். நைல் கரையில் உள்ள லக்சர் நகரின் மேற்குக் கரையில், தேர் எல் பஹ்ரி என்ற இடத்தில், அரசி ஹட்செப்சுட் கட்டிய கோயில் சுவரில் செங்கடலின் தெற்கே இருந்ததாகக் கருதப்படும் புந்து நாட்டுக்குச் சென்ற கப்பல் பயணம் முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. நறும்புகை மரங்களை வேரும் மண்ணுமாகக் கூடையில் வைத்துக் காவடி போலத் தூக்கி வருகிறார்கள். கப்பல்களுக்குக் கீழே உள்ள நீரில் செங்கடல் மீன்களை இனம் பிரித்தறியும் அளவுக்குத் துல்லியமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. கடலில் அந்த மீன்களைப் பார்த்தபின் சுவரின் முன் நின்றால், கோயில் என்றாலே அலுத்துக்கொள்ளும் தங்கையும் நின்று பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

குசைரிலிருந்து நைல் கரைக்கு வாதி ஹம்மாமாத் என்ற பாலைப் பள்ளத்தாக்கு வழியே போவோம். மிளகு மூட்டைகள் ஒட்டகத்தில் ஆறேழு நாள் சென்ற வழி அது. கார் சில மணி நேரத்தில் கடந்துவிடும். வழிநெடுகக் குன்றுகளின் மேல் ரோமானியக் காவல் கோபுரங்கள் நிற்கின்றன. பாறைகளில் கல் வெட்ட வந்த ஃபாரோக்களின், அதாவது பண்டைய எகிப்திய அரசர்களின், ஆட்கள் பொறித்த எழுத்துகள் இருக்கின்றன.

லக்சரில் கர்னாக் கோயிலின் 134 தூண்கள் நிற்கும் மண்டபத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுது வேண்டும். இளம் ஃபாரோ துத்தன்காமனின் கல்லறை சிறியது. மம்மி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கல்லறையிலிருந்து எடுத்த செல்வங்களைத் திரும்பும் வழியில், கிசாவில் 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட பெரிய அருங்காட்சியகத்தில் பார்ப்போம். பிரமிடுகள் அதன் அருகிலேயே இருப்பதால் தனி நாள் தேவையில்லை.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை ஆகியவற்றின் மேல் தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும் போட்டுத் தரும் குஷாரி தெருவுக்குத் தெரு கிடைக்கும், சுத்த சைவம். மொச்சை போன்ற ஒரு பயறில் செய்யும் தாமியா நம் வடைக்கு உறவு.

தீபாவளி முடிந்ததும், நவம்பர் கடைசியில் புறப்படலாம். லக்சர் வெயில் அப்போது தணிந்திருக்கும், கடலும் இன்னும் சில்லிட்டுப் போயிருக்காது. ஜனவரி என்றால் தங்கை நீரில் கால் வைக்கமாட்டார். உங்கள் இருவரின் பாஸ்போர்ட்டும் பயண நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகுமா என்று பார்த்து, விமானச் சீட்டுப் பதிவு செய்வதற்குள் பதில் எழுது. மருத்துவரிடம் படியேறலாமா என்றும் கேட்டுவிடு. அரசர் பள்ளத்தாக்குக் கல்லறைகள் சிலவற்றில் இறங்கி ஏறுவது கடினம், வேண்டாமென்றால் அவற்றை மட்டும் விட்டுவிடுவோம்.

அன்புடன்,
உன் நண்பன்