குந்துகாலில் ஒரு மாலை: மகளுக்கு

அன்பு மகளுக்கு,

மாசியில் ஆபீஸ் வேலையாக ராமநாதபுரம் வருகிறாய், ஒரு சாயங்காலம்தான் ஓய்வு, அதற்குள் ஆள் சத்தமில்லாத ஒரு தீவைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாய். நானும் அம்மாவும் அப்போது திருச்சியில் தம்பி வீட்டில் இருப்போம். அதனால் போகவேண்டிய விவரத்தை எல்லாம் எழுதியே அனுப்புகிறேன்.

முதலில், தனுஷ்கோடிக் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனைக்கு ஆசைப்படாதே தாயி. ராமேசுவரத்தைத் தாண்டி இன்னும் இருபது கிலோமீட்டர். பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாலு மணிக்கு ராமநாதபுரத்தில் கிளம்புகிறவர்களுக்கு அது தோதுப்படாது. அவசரத்தில் ஓடிப் போய் நெரிசலைப் பார்த்துவிட்டு வருவதற்குப் பதிலாகப் பாம்பனிலேயே இறங்கிக்கொள்.

பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் கரை. எதிரே தென்மேற்கில் தெரிகிற பச்சைக் கோடுதான் குருசடைத் தீவு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளில் ஒன்று. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபின் இந்தத் தீவுகளில் யாரும் தங்கக்கூடாது. வனத்துறை அனுமதியோடு பகலில் போய்வரலாம். காற்று கூடினால் அதுவும் இல்லை. சாயங்காலம் படகு கேட்டு யாரிடமும் நிற்காதே. யாராவது தனியாகக் கூட்டிப்போகிறேன் என்றாலும் ஏறாதே. மாட்டினால் உனக்கும் வழக்கு, படகுக்காரர் பிழைப்பும் போகும். அந்தி நேரத்தில் அந்தத் தீவைக் கரையில் நின்று பார்ப்பதுதான் சரி. மனுசக் காலடி அதிகம் இல்லாததால்தான் அது அமைதியாக இருக்கிறது.

மாசிக் கடைசியில் சூரியன் 6:20, 6:25 வாக்கில் மறையும். நாலு மணிக்கு ராமேசுவரம் பஸ் ஏறினால் ஐந்தேகாலுக்குள் பாம்பன். அங்கே ஆட்டோ பிடிக்கும்போதே போக, காத்திருக்க, திரும்ப எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள். இருட்டிய பிறகு குந்துகாலில் ஆட்டோ கிடைக்காது. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். சிவராத்திரி, மாசி அமாவாசை ஒட்டி வராதே. ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்து போகும், உன் ஒரு மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கரையில் விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. 1897 ஜனவரி 26இல் அவர் வந்திறங்கிய இடம். அதை முதலில் பார்த்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போ. ஆபீஸ் ஷூவோடு போகாதே, வெறுங்காலும் வேண்டாம். வார் வைத்த ரப்பர் செருப்பு போதும். மணலுக்குள் உடைந்த பவளக் கல் கத்தி மாதிரி கிடக்கும், அந்த வெட்டு சீக்கிரம் ஆறாது. லேப்டாப்பை லாட்ஜிலேயே பூட்டி வை. போனில் உப்புத் துளி காய்ந்துவிட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதே, கண்ணாடி கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடு.

மாசியில் வாடை என்கிற வடகிழக்குக் காற்று தணிந்திருக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று இன்னும் பிறந்திருக்காது. நம் தென்கடல் கண்ணாடியாகக் கிடக்கும் பருவம் அது. அதை நம்பி இடுப்பளவுகூட இறங்கிவிடாதே. வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் பாம்பன் கால்வாய் வழியாகத் தண்ணீர் மாற்றிக்கொள்கின்றன. வாடைக் காலத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வடக்கிலிருந்து தெற்கே ஓடும், கச்சானில் தெற்கிலிருந்து வடக்கே. மேலே அலை இல்லாவிட்டாலும் அடியில் இழுக்கும்.

ஆறு மணிக்குமேல் பேசாமல் நில். சூரியன் தீவுக்குச் சற்று வலப்பக்கமாக இறங்கும். ஆலா என்ற கடற்பறவைக் கூட்டம் தண்ணீரை ஒட்டிப் பறந்து போகும். அந்தத் தீவு மணலில்தான் பலனோகிளாசஸ் என்ற புழு வளை தோண்டி வாழ்கிறது. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் உள்ளவற்றுக்கும் நடுவே நிற்பது என்று பள்ளியில் படித்திருப்பாய். தீவைச் சுற்றியுள்ள பார், அதாவது பவளத் திட்டுதான், அலையை உடைத்து மணலைக் காக்கிறது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது கடலுக்குள் கிடக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டி அள்ளியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகையால் கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு அழகாக இருந்தாலும் பையில் போடாதே. 2001லிருந்து பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகுந்த பாதுகாப்பு பெற்றவற்றின் வரிசையில், இருக்கிறது.

சூரியன் விழுந்தபின் வெளிச்சம் இருபது நிமிஷம்தான். 6:45க்கு ஆட்டோவில் ஏறிவிட்டால் எட்டு, எட்டரைக்குள் லாட்ஜ் போய்விடலாம்.

வளர்பிறை சஷ்டிக்கும் தசமிக்கும் இடையில் வந்தால் இருட்டும்போதே நிலா உயரத்தில் நிற்கும், வழி தெளிவாகத் தெரியும். தேதி முடிவானதும் போன் போடு, பிறை பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா