சுந்தரத்துக்கு, பெர்லின் கிளம்பும் முன்

அன்புள்ள சுந்தரம்,

பதில் போடாததற்கு நீ திட்டுவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். வசந்தாவின் முட்டிவலி தேவலையா? அண்ணாச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மாப்பிள்ளை போட்டுக்கொடுத்த பயணத் திட்டம் ஆரம்பத்திலேயே வில்லங்கம். ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாற ஒரு மணி நேரமாம்! ஒரே விசாவில் சுற்றும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனுக்குள் எங்கே முதலில் இறங்குகிறாயோ அங்கேதான் குடிநுழைவுச் சோதனை. பெர்லினில் கிடையாது. பாஸ்போர்ட் வரிசை, முகத்தைப் படம் பிடிப்பது, திரும்பவும் பை சோதனை எல்லாம் அங்கேயே நடக்கும். இரண்டரை மணி நேரமாவது வைக்கச் சொல்.

அடுத்தது டிக்கெட். இதை மட்டும் இரண்டு தடவை படி. பெர்லினில் மூன்று மண்டலம்: நகரின் நடுப்பகுதியை வட்டமாகச் சுற்றும் ரிங் ரயில் பாதைக்குள் ஏ, அதைத் தாண்டி நகர எல்லை வரை பி, வெளியே சி. விமான நிலையம் சி-யில் இருக்கிறது. மாப்பிள்ளை ‘ஏபி’ என்று எழுதியிருக்கிறார். வந்து இறங்கும் அன்றும் திரும்பும் அன்றும் உனக்கு வேண்டியது ‘ஏபிசி’. நடுவில் ஊருக்குள் சுற்றும் நாட்களுக்கு ஏபி போதும். ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம், வந்த வழியே திரும்ப மட்டும் கூடாது.

பிளாட்பாரத்து மெஷினில் வாங்கினால் பக்கத்திலேயே இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திவிட்டு ஏறு. குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட். ஸ்டேஷனில் நுழைவாயில் கேட் கிடையாது, தடுப்பும் கிடையாது. அதைப் பார்த்ததும் உனக்குப் பழைய புத்தி வரும் என்று எனக்குத் தெரியும். திண்டுக்கல் சமாசாரம் இங்கே செல்லாதப்பா. பரிசோதகர்கள் சாதாரண உடுப்பில் உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பிடிபட்டால் 60 யூரோ. மொபைல் ஆப்பில் எடுப்பதானாலும் ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை.

நீங்கள் தங்குவது அலெக்சாண்டர்பிளாட்ஸ் பக்கம் என்பதால் விமான நிலையத்துக்கு அடியிலேயே எஸ்9 என்கிற நகர ரயிலில் ஏறினால் மாறாமல் வந்துவிடலாம். முக்கால் மணி நேரம். தண்டவாள வேலை என்று வண்டியை அடிக்கடி நிறுத்துவார்கள். அப்படியானால் எக்ஸ்7 பஸ்ஸில் ரூடோ போய் யூ7 சுரங்க ரயிலைப் பிடி. கதவு தானாகத் திறக்கும் என்று நிற்காதே, பொத்தானை அழுத்து. திரும்பும்போது ஷோனஃபெல்ட் ஸ்டேஷனில் அவசரப்பட்டு இறங்கிவிடாதே. பழைய விமான நிலையம் இருந்த இடம் அது. 2020-இல் திறந்த புது நிலையம் வண்டியின் கடைசி நிறுத்தம்.

வசந்தாவுக்குப் படியேற முடியாதென்றால் 100-ஆம் நம்பர் பஸ். அலெக்சாண்டர்பிளாட்ஸிலிருந்து மியூசியம் தீவு, ரைஷ்டாக் என்கிற நாடாளுமன்றக் கட்டடம், வெற்றித் தூண் வழியாக ஜூ வரை போகும். அதே டிக்கெட்தான், டூரிஸ்ட் பஸ்காரனுக்கு ஏன் அழ வேண்டும்? பெர்கமோன் மியூசியத்துக்கு மாப்பிள்ளை ஒரு நாள் முழுக்க ஒதுக்கியிருக்கிறாரே, அது பழுதுபார்ப்புக்காக 2023 அக்டோபரில் முழுசாக மூடிய இடம். பக்கத்திலிருக்கும் நொயஸ் மியூசியத்தில் எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கிறது, அங்கே போங்கள்.

அந்த நேரத்தில் ஒரு மணியை மிச்சம் பிடித்து நார்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனில் இறங்கு. பெர்லினைச் சுவர் வைத்துக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருந்த 1961 முதல் 1989 வரை மேற்கு பெர்லின் ரயில்கள் கிழக்குக்கு அடியில் ஓடியபோது நிற்காமல் கடந்துபோன ஸ்டேஷன்களில் இதுவும் ஒன்று. மேலே மக்கள் நடமாட, கீழே இருட்டு பிளாட்பாரத்தில் காவலர்கள் மட்டும் நின்ற காலம். உள்ளேயே அதைப் பற்றிப் படங்கள் வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை. வெளியே வந்தால் பெர்னாவர் தெருவில் சுவரின் மிச்சம். அங்கே உன் கிண்டலெல்லாம் வேண்டாம்.

ரைஷ்டாக்கின் உச்சியிலிருக்கும் கண்ணாடிக் குவிமாடத்துக்கும் காசில்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருவர் பெயரையும் பிறந்த தேதியையும் உடனே அனுப்பு. வசந்தாவின் தேதியை அவளிடமே கேட்டு எழுது; உன் ஞாபகத்தை நம்பிப் பதிவு செய்ய நான் தயாராக இல்லை.

அன்புடன்,
ராகவன்