ஆண்டறிக்கை 2024–25: 'அது' எப்போது 'அவர்' ஆகிறது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், நூலக மாடிவரை படியேறி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் திரைப்படச் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

நிர்வாகச் செய்திகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாகப் படம் காட்டிவந்த மண்டபத்தில் வாடகையை ஏற்றிவிட்டார்கள். அதனால் ஜூன் மாதம் இந்த நூலக மாடிக்கு வந்தோம். பன்னிரண்டு ஜன்னல்களுக்கும் அளவெடுத்துக் கறுப்புத் துணி தைத்துத் தந்தவர் நம் தையற்கடை உறுப்பினர். கூலி வாங்க மறுத்துவிட்டார். மழையால் நவம்பர்த் திரையிடல் ஒரு வாரம் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, ஆகஸ்டில் தொடங்கிய அறிவியல் புனைவுப் படத் தொடர். 'வெளியாள்' என்று அதற்குப் பெயர் வைத்தோம். போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "விண்கலமும் ரோபோவும் குழந்தைகள் பார்க்கிறது சார், நமக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். நமக்குத் தெரிந்த சண்டை ஒன்றைப் பற்றிப் படம் எடுத்தால், உள்ளே வரும்போதே நாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டுதான் உட்காருகிறோம். வேற்றுக்கிரகவாசி விஷயத்தில் யாருக்கும் முன்பகை கிடையாது. ஆனாலும் பத்து நிமிடத்தில் அருவருப்பு வந்துவிடுகிறது. அது நமக்குள் எப்படி வந்தது என்று நாமே பார்க்க முடிகிறது. இந்தத் தொடரால் எனக்குக் கிடைத்த பெரிய பயன் இதுதான்.

தொடரை ஜான் செய்ல்ஸ் இயக்கிய 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்' (1984) படத்தோடு தொடங்கினோம். கூட்டம் குறைவு. வேற்றுக்கிரகத்திலிருந்து தப்பி வந்த அடிமை ஒருவன், கறுப்பின மனிதனின் தோற்றத்தில், நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் விழுகிறான். 1892 முதல் 1954 வரை கப்பலில் வந்து இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட இடம் அது. கட்டடத்தைத் தொட்டால் அங்கே காத்திருந்தவர்களின் குரல்கள் அவனுக்குக் கேட்கின்றன. படம் முழுக்க அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அவனை எதுவும் கேட்காமலே சேர்த்துக்கொள்கிறார்கள். ஆவணம் கேட்டுத் துரத்துபவர்கள் கறுப்புச் சட்டை போட்ட இரண்டு வெள்ளையர்கள், அவர்களும் வேற்றுக்கிரகவாசிகள்தான். வராதவர்கள் கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டிய படம்.

செப்டம்பரில் 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' (1968). படத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் படப்பிடிப்பில் நடந்த ஒன்றை மட்டும் பதிவு செய்கிறேன். குரங்கு வேடம் போட்டவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது, யாரும் சொல்லாமலே கொரில்லாக்கள் ஒரு மேசையிலும், சிம்பன்சிகள் ஒரு மேசையிலும், ஒராங்குட்டான்கள் ஒரு மேசையிலுமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டன் இதைப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். முகமூடியைப் போட்டுச் சில மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்று கலந்துரையாடலில் பாதி நேரம் இந்தச் சாப்பாட்டு மேசையைப் பற்றியே போனது.

அக்டோபரில் 'பிளேடு ரன்னர்' (1982). இங்கேதான் எங்கள் வசன வரிக் (சப்டைட்டில்) குழுவுக்கு முதல் சிக்கல் வந்தது. படம் தொடங்கும்போதே திரையில் எழுத்து ஓடும்: தப்பி வந்த செயற்கை மனிதர்களைச் சுட்டுக் கொல்வதற்குப் பெயர் மரண தண்டனை கிடையாது, 'ரிட்டயர்மென்ட்'. அதைத் தமிழில் 'கொல்வது' என்று போட்டால் படத்தின் உயிரே போய்விடும். 'பணி ஓய்வு' என்றே போட்டோம். படித்த அடுத்த கணமே அரங்கில் ஒரு சலசலப்பு. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் நிறையப் பேர், அந்தச் சொல்லின் குளிர் அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதே படத்தில் போலீஸ் அதிகாரி செயற்கை மனிதர்களைச் சொல்லும் வசவுச் சொல்லைத் 'தோல் பொம்மை' என்று மாற்றினோம். இன்னும் நல்ல சொல் இருந்தால் உறுப்பினர்கள் சொல்லலாம்.

வசன வரிக் குழுவைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவும், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் இளைய உறுப்பினரும் சேர்ந்து ஐந்து படங்களுக்குத் தமிழ் வசன வரி எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், இதே அறையில், ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு. ஆங்கிலத்தில் 'தே' (they) என்று ஒரு சொல் போதும், அதற்குள் மனிதரும் அடங்குவர், மாடும் அடங்கும். தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தார்கள்' என்று எழுதுவதா, 'வந்தன' என்று எழுதுவதா? ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். "ஐயா, இங்க 'அது'ன்னு போடட்டுமா, 'அவன்'னு போடட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்க, ஐயா சொன்னார்: "பேசறவன் மனசுல என்ன இருக்கோ அதைப் போடும்மா. நாம திருத்தக் கூடாது."

பிறகு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவைச் சொன்னார். 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே.' மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை, மற்றது அஃறிணை. சுட்டுவது யார் என்று பாருங்கள் என்றார். சுட்டும் விரல் நம்முடையது. ஒருவரை மனிதர் என்ற கணக்கிலிருந்து நீக்குவதற்கு நமக்குத் துப்பாக்கி வேண்டாம், ஒரு விகுதியை மாற்றினால் போதும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இலக்கணத்தை இந்த வயதில் இப்படிக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தது நவம்பரில் 'எனிமி மைன்' (1985). வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கியது. போரில் எதிரெதிர் நின்ற மனிதன் ஒருவனும் பல்லித் தோல் கொண்ட டிராக் என்ற வேற்றுக்கிரக இனத்தவர் ஒருவரும் ஆளற்ற கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். டிராக் இனத்தில் ஆண் பெண் கிடையாது. ஒருவரே கருத்தரித்துப் பெறுவார். ஆங்கிலம் திணறும் இடத்தில் நம் 'அவர்' கைகொடுத்தது. தொடக்கத்தில் 'அது', நடுவில் 'அவன்', குழந்தை பிறக்கும் காட்சியில் 'அவர்' என்று நம் குழு மாற்றியிருந்தது. டிராக் இறந்த பிறகு, அவர் பிள்ளையின் வம்சாவளியை டிராக் பெரியவர்கள் முன்னால் அந்த மனிதன் பெயர் பெயராகச் சொல்லி நிற்கிறான். அந்த இடத்தில் மூன்றாவது வரிசையிலிருந்த அம்மா ஒருவர் விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

டிசம்பரில் 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009). மாடி நிரம்பி, படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நீல் புளோம்காம்ப் இயக்கியது. கதையில் 1982-இல் ஒரு விண்கலம் அந்த நகரத்தின் மேலே வந்து நின்றுவிடுகிறது, அதிலிருந்த பசித்த உயிர்களை இறக்கி ஒரு முகாமில் வைக்கிறார்கள், முகாம் சேரியாகிறது. நகரத்துக்கு வெளியே வேறு முகாமுக்கு அவர்களை அப்புறப்படுத்தும் வேலை விக்கஸ் என்ற குமாஸ்தாவுக்குக் கிடைக்கிறது.

பெயரிலேயே வரலாறு இருக்கிறது. கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-இல் நிறவெறி அரசு வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தது. அதற்கு வழிசெய்த சட்டம் 1950-இல் வந்த, எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம். அதே சட்டம்தான் டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டம் போட்டுப் பிழைத்த இந்தியர்களையும் பெயர்த்தது. 1860-இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வரத் தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள் அவர்கள், அதில் தமிழர் நிறைய. படத்தில் காட்டும் தகரக் குடிசைகளும் செட் கிடையாது. ஜோகன்னஸ்பர்க்கின் சொவேட்டோ பகுதியில், சியாவெலோவில் ஏழைகள் உண்மையாகவே வாழ்ந்த குடிசைகள். அப்போதுதான் அவர்களை அரசு வீடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படத்துக்கு முன்னால் புளோம்காம்ப் இதே கருவில் ஒரு குறும்படம் எடுத்தார். அதில் நகரவாசிகள் கேமராவைப் பார்த்து, 'இவங்க வந்த பிறகுதான் திருட்டு' என்கிற மாதிரிப் பேசுவார்கள். அவர்களில் பலர் நடிகர்கள் இல்லை. ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் அது. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய பேச்சாக அதை ஒட்டிக்கொண்டார், ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கி அயல்நாட்டு ஏழைகள் மீது தாக்குதல் பரவியது. 62 பேர் செத்தார்கள். அங்கே அயல் ஆப்பிரிக்கர்களுக்கு வைத்திருக்கும் வசவு 'மக்வெரெக்வெரெ'. அவர்கள் பேச்சு காதில் எப்படி விழுகிறதோ அதையே பெயராக்கியது, பொருளில்லாத இரைச்சல் என்று.

படத்தில் அந்த வேற்றுக்கிரக உயிர்களை 'பிரான்' (prawn) என்கிறார்கள். 'இறால்' என்று போட்டால் நமக்குத் தொக்குதான் நினைவு வரும், கேவலம் வராது. ஜோகன்னஸ்பர்க் வீட்டுத் தோட்டங்களில் 'பார்க்டவுன் பிரான்' என்று ஒரு பெரிய பூச்சி உண்டு, பார்த்தாலே செருப்பைத் தூக்குவார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு 'பூச்சி' என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிறு முழுக்க இதற்கே போனது.

குடிசை குடிசையாகப் போய், காலி செய்யச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குகிறான் விக்கஸ். ஒருவர் காகிதத்தைத் தட்டிவிட, அந்தக் கீறலே கையெழுத்து ஆகிவிட்டது என்கிறான். ஒரு குடிசையில் முட்டைகள். அவற்றுக்கு ஊட்டம் போகும் குழாயைப் பிடுங்கிவிட்டு, நெருப்பு வைக்கச் சொல்கிறான். உள்ளே முட்டைகள் வெடிக்கும் சத்தம், சோளம் பொரிகிற மாதிரி இருக்கிறது பார் என்று கேமராவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொல்கிறான். அதுவரை அவன் அசட்டுத்தனத்துக்கு அரங்கில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. முன்வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவனுக்கு அவர்கள் மொழி புரியும். அவர்கள் அவர்கள் மொழியில் பேசுகிறார்கள், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், பேச்சு தடங்கலில்லாமல் நடக்கிறது. புரியாததால் வெறுக்கிறோம், பழகினால் சரியாகிவிடும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வோமே, அந்த ஆறுதலை இந்தப் படம் தரவில்லை.

இத்தனை நல்ல படத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது நம் இளைய உறுப்பினர்தான். வசன வரி முடிக்கும்போது ஐயாவிடம் கேட்டார்: "பூச்சிங்களுக்கு 'அவர்' வந்துடுச்சு. நைஜீரியாக்காரங்களுக்கு ஒரு இடத்துலகூட வரலையே?" உண்மைதான். முகாமுக்குள் இருக்கும் நைஜீரியர்கள் ஆயுதம் விற்கிறார்கள், பெண்களை விற்கிறார்கள், மந்திர சக்திக்காக வேற்றுக்கிரகவாசிகளின் சதையைத் தின்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் வீடில்லை, பிள்ளை இல்லை, பயமில்லை. தலைவனின் பெயர் அந்நாட்டு முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவின் பெயர்போலவே ஒலிக்கிறது. 2009 செப்டம்பரில் நைஜீரியாவின் தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி திரையரங்குகளில் இந்தப் படத்தை நிறுத்தச் சொன்னார், தயாரித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஜனவரிக் கூட்டத்தைப் படமே போடாமல் இதற்கென்றே வைத்தோம். இரண்டரை மணி நேரம். படம் நையாண்டிதானே, அந்த நகரத்து மக்கள் நைஜீரியர்களை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியே காட்டுகிறது என்று சிலர் வாதாடினார்கள். எனக்கு ஒப்பவில்லை. விக்கஸின் பார்வை பொய் என்று காட்ட இயக்குநர் வேற்றுக்கிரகவாசிகளில் ஒரு தகப்பனையும் மகனையும் வைத்தார். நைஜீரியர்களுக்கு அப்படி ஒரு காட்சிகூட வைக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இந்தப் படத்தை நான் வீட்டில் பார்த்து அழுதிருக்கிறேன். அப்போது இது என் கண்ணில் படவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிப்ரவரியில் காட்ட நினைத்த 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006) படத்துக்குத் திரையிடல் அனுமதி நேரத்தில் கிடைக்கவில்லை. அகதிகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கும் ரயில் நிலையக் காட்சிக்காகவே அதைத் தொடரின் முடிவாக வைத்திருந்தோம். ஜூலையில் போடலாம். மார்ச்சில் வழக்கம்போல் குழந்தைகள் படம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். நைஜீரியாவில் நைஜீரியர்களே எடுத்த அறிவியல் புனைவுப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம், யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். வசன வரிக் குழுவுக்குத் தட்டச்சு தெரிந்த இரண்டு பேர் வேண்டும். தமிழாசிரியர் ஐயாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கிறார், மே மாதம் வந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அதுவரை ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அறை திறந்திருக்கும்; சாவி என்னிடம் இருக்கிறது.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்