கிணறு நிறையத் தண்ணீர், குழாயில் காற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் ராஜஸ்தான் தார்ப் பாலைவனத்தின் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் மின்வெட்டையும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நல்லாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசியில் நாங்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்ற மாதிரி முடித்தது எனக்குச் செமிக்கவில்லை. அங்கே பாவப்பட்ட சனம், இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிணற்றடியில் குளிர்ந்துபோய் இருக்கிறோம் என்று நினைத்து பேப்பரை மடித்துவைக்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

2025 மாசி 9ஆம் திகதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி கழிந்து, இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்துவிட்டது என்று அமைச்சர் சொல்ல, ஊரே சிரித்தது. ராங்கில், அதாவது மேல்தொட்டியில், கிடந்த தண்ணீர் முடியும் வரை நானும் சிரித்தேன். மாரி முடிந்த கையோடு எங்கள் கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, ஆனால் கைகழுவ ஒரு செம்பு இல்லை. கையால் தண்ணீர் இறைக்கிற துலாவை அப்பா காலத்திலேயே கழற்றியாயிற்று. கப்பியையும் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்தாயிற்று. இலை விழாமல் கிணற்றுக்கு மேலே வலை, மோட்டார்க் குழாய் இறங்க அதில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். வலையை வெட்டி, மாட்டுக் கயிற்றில் வெறும் பெயின்ற் வாளியைக் கட்டி இறக்கினால் அது வாத்து மாதிரி மிதக்கிறது, தாழமாட்டேன் என்கிறது. பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பி, விளிம்பிலை ஒரு பக்கம் கல்லைக் கட்டி இறக்கு" என்றா. கட்டினேன், வாளி சரிந்து மொண்டது. அன்றைக்கு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தந்தது மின்சார சபையும் இல்லை, நீர் வழங்கல் சபையும் இல்லை, ஆச்சிதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கட்டுரை தண்ணீருக்கு ஒரு பத்தி, கரண்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து வைத்திருந்தது. மோட்டார் பூட்டிய ஊரில் அப்படிப் பிரிக்கவே ஏலாது. பாலைவனமும் யாழ்ப்பாணமும் ஒன்றுபோல மாட்டுப்பட்டிருப்பது இந்த இடத்தில்தான்.

ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூட விழாது. எங்களுக்கு 1,200க்கு மேல். அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்தக் கொஞ்ச மழைக்கு அங்கத்தைய சனம் வீட்டு முற்றத்தைச் சரிவாக மெழுகி, நடுவிலே நிலத்துக்குள் வட்டமாகக் கட்டிய தொட்டிக்குள் இறக்கி, மூடி போட்டு வைக்கிறார்கள். டாங்கா என்று பெயராம், கேட்டால் எங்கள் ராங்குக்குச் சொந்தக்காரன் போல இருக்கிறது. சில இடத்தில் அதற்குப் பூட்டுக்கூடப் போடுவார்கள். நாங்கள் என்ன செய்கிறோம்? முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதித்து, ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் ஒழுங்கைக்குத் தள்ளி, அது வெள்ளமாக நிற்கிறது என்று பிரதேச சபையைத் திட்டுகிறோம். 2024 கார்த்திகை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற அதே ஒழுங்கைக்கு அடுத்த ஆவணியில் தண்ணீர் வண்டி, பவுசர், வந்தது. நானே வாளியோடு வரிசையில் நின்றேன்.

சரி, கரண்டுக்கு வருகிறேன். ராஜஸ்தானில் தோட்ட மோட்டாருக்கு அரசாங்கம் மானிய விலையில் மின்சாரம் கொடுக்கிறது, ஆனால் நேரம் பார்த்துத்தான் கொடுக்கிறது. சில வேளை சாமத்தில் வரும். சாமத்தில் எழும்பிப்போய் மோட்டார் போட யாருக்கு மனம் வரும்? சுவிச்சைப் போட்டபடியே விட்டுவிடுகிறார்கள், கரண்ட் வந்தால் தானாக ஓடும், போனால் தானாக நிற்கும், பயிருக்குப் போதுமா போதாதா என்ற கேள்வியே இல்லை. ஆண்டுக்கு ஊறுவதைவிடக் கூடுதலாக நிலத்தடி நீரை இறைக்கிற மாநிலம் அது. சிரிக்கவேண்டாம், 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது நாங்களும் இதைத்தான் செய்தோம். எப்போது வரும் என்று தெரியாததால் வந்தவுடன் மோட்டார், ராங் நிரம்பி வழிந்து பப்பாசி மரத்தடியில் குளம் கட்டி நிற்கும், அப்படியும் நிற்பாட்ட மனம் வராது. தட்டுப்பாடு வந்தால் மனிசன் சிக்கனமாக இருப்பான் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் அப்போது வந்து பார்த்திருக்கவேண்டும்.

இப்போது சோலர் பம்ப் வந்திருக்கிறது. எங்கள் மச்சான் ஒருவர் வெங்காயத் தோட்டத்துக்குப் பூட்டியிருக்கிறார். காலமை வெயில் ஏறினால் தொடங்கும், பொழுதுபடத்தான் நிற்கும். பாத்தி நிரம்பி வாய்க்கால் உடைத்துப் பாய்கிறது, "கொஞ்சம் நிற்பாட்டு மச்சான்" என்றால், "ஏன், வெயில் காசு கேக்குதோ?" என்கிறார். வெயில் கேட்காது, உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்து நிலத்தடி நீரின் கணக்கு வேறு. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் எல்லோரும் இறைக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் நிற்கும் என்பது நீரியல் படித்தவர்களின் கணக்கு. அதை மறுபக்கமாகப் பாருங்கள். மேலே ஒரு அடியை நாங்கள் குறைத்தால் கீழேயிருந்து உப்பு அந்த 40 அடிக்கும் ஏறப் பார்க்கும். பாலைவனத்தில் கிணறு வற்றினால் கண்ணுக்குத் தெரியும். எங்கள் கிணறு வற்றாது, உவராகும். தண்ணீர் அப்படியே நிற்கும், வாயில் வைத்தால்தான் தெரியும். மச்சான் வீட்டில் இரண்டு வருசமாகத் தேத்தண்ணிக்குப் பிளாஸ்ரிக் கானில் தண்ணீர் வாங்குகிறார்கள்.

90களில், போர்க்காலத்தில், கரண்டும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை, தோட்டத்து மெசின்கள் சாக்கு மூடிக் கிடந்தன. பெரியையா துலா மிதிக்க நான் பாத்தி பாத்தியாகத் தண்ணி மாறிவிட்டிருக்கிறேன். கை கால் உளைந்தது, ஒரு பாத்திக்கு மேல் ஒரு செம்பு போகாது. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று எந்த விசரனும் கேட்கமாட்டான். ஆனால் கை உளைந்தபோது அளவு தெரிந்தது.

மின்சாரம் தயாரிக்கப் போய்த் தண்ணீர் கெட்ட கதையும் எங்களிடம்தான் இருக்கிறது. சுன்னாகத்து மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னதும் உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தாளையடிக்கு வருவோம். 2024 ஆவணியில் அந்தக் கடற்கரையில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நல்ல தண்ணீர் தரக்கூடியது. நான் அதற்கு எதிரி இல்லை. இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் மறுத்ததும் நியாயம்தான், அவர்களின் வயலைக் காயவிட்டு நாங்கள் குளிக்க ஏலாது. ஆனால் கடல்நீரை நல்ல தண்ணீராக்க ஒரு கனமீற்றருக்கு மூன்று நான்கு யுனிற் மின்சாரம் வேண்டும். முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு எழுபதினாயிரம் யுனிற்றுக்கு மேலே போகும். அப்போ குரங்கு பாயும் நாளில் கிணறு மட்டும் இல்லை, கடலும் நின்றுவிடும். மார்கழியில் சும்மா விழுந்த தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, ஆடியில் கரண்ட் பில் கட்டி அதே கடலிலிருந்து திரும்ப வாங்குகிறோம். ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிப் பக்கம் கொண்டுபோகலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் சொன்ன திட்டம் இன்னும் அரைகுறையில் கிடக்கிறது. மேடைக்கு ஏறும் ஒவ்வொருவரும் அதன் பெயரைச் சொல்கிறார்கள், இறங்கியபின் மறந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் ஒரே ஒரு கேட்பு. தினமும் தங்கத்தின் விலை போடுகிறீர்கள், நல்லநேரம் போடுகிறீர்கள், கொழும்பில் மரக்கறி என்ன விலை என்றும் போடுகிறீர்கள். மாதம் ஒரு தரம், ஒரு மூலையில், ஊர் வாரியாகக் கிணற்று நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் போடுங்கள். ஆய்வுகூடத்துக்கு ஓடத் தேவையில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொன்னால் கயிறு விட்டு அளந்து தருவார்கள், உவரைப் பார்க்கும் சின்ன மானியும் கடையில் விற்கிறது. மச்சான் என் பேச்சைக் கேட்கமாட்டார், பேப்பரில் வந்தால் கேட்பார்.

முதல் கணக்கை நானே தருகிறேன். நேற்றுக் காலமை, மோட்டார் போட முன்னம், அதே மாட்டுக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு இறக்கினேன். கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டத்துக்கு 17 முடிச்சு. பின்னேரம், தோட்டங்களில் இறைப்பு முடிய, திரும்ப இறக்கினேன், 19. இன்று விடியப் பார்த்தபோது பதினேழரை. அந்த அரை முடிச்சு வரவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நீர்வேலி